ஜுமானாவின் சஹன்

எங்கள் ஊர்க் கல்யாணங்களில் ஆளுக்கொரு இலை கிடையாது. சஹன் என்கிற பெரிய தட்டில் சோற்றைக் கொட்டி, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். அந்தச் சஹனில்தான் ஜுமானாவுக்கு வினை வந்தது.

என் பக்கத்து வீட்டுக்காரி. என்னை அக்கா முறை வைத்து 'மெஹரு லாத்தா' என்பாள். தையல்காரி. வாய்க்காரியும்கூட. கத்தாரில் அவள் மாப்பிள்ளை, கட்டின புருஷன் சஃபீருக்கு வேலை போய், போனும் வராமல் கிடந்த சமயத்தில், அவள் முழங்கையில் செதில் செதிலாகக் கிளம்பியது. பிறகு விரல்களுக்கும் வந்தது. உடனே தெருவே டாக்டராகிவிட்டது. "மீனை நிறுத்து" என்றார்கள், நிறுத்தினாள். கடற்கரை ஊரில் மீன் இல்லாமல் சோறு இறங்குமா? பத்தியம் இருந்தும் செதில் கூடத்தான் செய்தது.

அப்புறம் ஒரு கல்யாணத்தில், அவளோடு உட்கார்ந்த மூவரும் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி வேறு சஹனுக்கு எழுந்து போனார்கள். தூரத்தில் இருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவ்வளவு வாய் பேசுகிறவள் அன்று பாதிச் சோற்றிலேயே கை கழுவிவிட்டு வீட்டுக்குப் போனாள். விசேஷ வீடுகளுக்கு வருவதையே விட்டாள். தூக்கம் போனது. செதில் கழுத்துவரை ஏறியது.

ராமநாதபுரத்துத் தோல் டாக்டரம்மாவிடம் நான்தான் கூட்டிப்போனேன். "இது சொரியாசிஸ். யாருக்கும் ஒட்டாது. மீன் தாராளமா சாப்பிடுங்க. ஆனா மனசுல கவலை ஏறுனா இதுவும் ஏறும். நான் மருந்து தாரேன், மனநல டாக்டரையும் பாருங்க" என்றார். திரும்பும் வழியிலேயே ஜுமானா பாறை மீன் வாங்கினாள்.

வேறு ஒருத்தியாக இருந்தால் மனநல டாக்டரிடம் ஒளிந்து ஒளிந்து போயிருப்பாள். இவளா? "கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு?" என்று தெருவில் ஒருத்தி கேட்டதற்கு, "வாரம் வாரம் போறேன். நீயும் வாரியா, பஸ்ஸுல இடம் போட்டு வைக்கிறேன்" என்றாளே பார்க்கலாம்!

சஃபீருக்கும் அங்கேயே வேறு வேலை கிடைத்து, லீவில் வந்து இரண்டு மாதம் அவளோடு இருந்துவிட்டுப் போனார். மருந்தும் பேச்சுமாகச் செதில் குறைந்தது. முழுசாகப் போகவில்லை.

ஜுமானாவின் தங்கை மின்ஹாவின் கல்யாணம் வந்தது. அவர்கள் உம்மாவுக்குப் பயம். "சம்பந்தி வீட்டுக்காரங்க பாப்பாங்க. நீ அடுப்படியில தனியா சாப்பிட்டுக்கம்மா" என்றார். பெற்றவளே சொன்னால் எப்படி இருக்கும்? மறுநாள் பார்த்தால் ஆறியிருந்த விரல்களெல்லாம் மறுபடி சிவந்து கிடந்தன. அடிபட்டது மனசு, வெடித்தது தோல். கண்ணால் கண்டேன்.

கல்யாணத்தன்று கையை மறைக்காமல் வந்தாள். பெண்கள் பந்தியின் நடுவில் ஒரு சஹன் முன்னால் தனியாக உட்கார்ந்தாள். ஒருத்தியும் கிட்டே வரவில்லை. அவள் கையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினாள்.

"இது ஒட்டாது. ஒட்டுறதா இருந்தா எம் மாப்பிள்ளைக்குல்ல முதல்ல ஒட்டியிருக்கணும்! அவரு வழுவழுன்னு இருக்காரு."

சம்பந்தி வீட்டுப் பக்கமிருந்து குபீரென்று சிரிப்பு. ஜுமானா இறைவன் பெயரால் என்று பிஸ்மி சொல்லிச் சாப்பிடத் தொடங்கினாள். உம்மா விறுவிறுவென்று வந்து எதிரே உட்கார்ந்தார். மகள் கை அளைந்த பக்கத்துச் சோற்றையே அள்ளி வாயில் வைத்தார். கண்ணீர் தாடையில் வழிந்தது.

பரிமாறிக்கொண்டிருந்த நான் கறிச்சட்டியைக் கீழே வைத்து, கையைக் கழுவிக்கொண்டு ஓடினேன். அதற்குள் சம்பந்தியம்மாவும் அவர் மகளும் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு இடமில்லை!

"மெஹரு லாத்தா, அடுத்த பந்திக்கு வாங்க" என்றாள் ஜுமானா, வாய் நிறையச் சோற்றோடு.