ஆயுத பூஜையில் வைத்த மண்

பொன்செல்விக்குச் சுத்தத்தில் ஒரு கிறுக்கு. வள்ளியூரிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர், பத்து வருடமாகக் கேரளத்துக் கழக்கூட்டத்தில் எங்கள் மண் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறார். தட்டில் மண்ணைப் பரப்பி உலர்த்துவார், வேரும் கல்லும் பொறுக்குவார், சலித்துத் தருவார். எடை போடும் நான் எல்லாரிடமும் குறை காண்கிறவன். அவரிடம் மட்டும் கண்டதில்லை.

போன புரட்டாசியில் அவர் பொறுப்பில் பன்னிரண்டு தட்டுகள் இருந்தன. கல்லாற்றுக்கு மேலே ஒரு புல்வெளிச் சரிவில், மரம் நடக் குழி தோண்டுவதற்கு முன்பே எங்கள் மலையாளி ஆய்வாளர் திவ்யலட்சுமி எடுத்து வைத்த மண். தட்டுக்கு இரண்டு கைப்பிடிதான். இப்போது அந்தச் சரிவு முழுக்க மரக்கன்று. அடுத்த சரிவிலும் வனத்துறையினர் நடப்போகிறார்கள். புல் தன் கார்பனை மண்ணுக்குள் சேர்த்து வைக்கிறது, குழி தோண்டினால் அது போய்விடும் என்று திவ்யா சொல்லிப் பார்த்தாள். “நட்ட சரிவில் எவ்வளவு குறைந்தது, காட்டு” என்றார்கள். இப்போதுள்ள மண்ணைச் சோதித்தாயிற்று. முன்பு இருந்ததைக் காட்ட இந்தப் பன்னிரண்டு தட்டை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

முடிவு வந்த அன்று திவ்யா கத்தியே விட்டாள். நாங்கள் எதிர்பார்த்ததைவிட ஒன்றரை மடங்கு கார்பன்!

“செல்வியக்கா, கண்டோ! அடுத்த சரிவு பிழைச்சாச்சு!”

பொன்செல்வி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“மேடம்... மண்ணுல சாணி பட்டா அது கூடுமா?”

“கூடும். எந்தா அக்கா?”

ஆயுத பூஜைக்கு நாங்கள் தராசுக்கும் சல்லடைக்கும் சந்தனம் வைத்தோம். பொன்செல்விக்குத் தொழிலே மண்தானே. சாணியும் மஞ்சளும் கரைத்து, மாவிலையால் தட்டு தட்டாகத் தெளித்து, பூஜை முடியும்வரை தொடாமல் விட்டிருக்கிறார். காய்ந்தபின் தடம்கூட இல்லை.

“சாணி சுத்தந்தானேன்னு தெளிச்சிட்டேன் மேடம். வேரு கெடந்தா எடுக்கணும்னுதான் சொல்லித் தந்தாங்க. சாணியப் பத்தி யாரும் சொல்லலியே.”

‘பாவி மனுஷி, யாருக்கும் தெரியாததை ஏன் சொல்லித் தொலைத்தாய்’ என்றுதான் முதலில் தோன்றியது. வெட்கக்கேடு, ஆனால் உண்மை.

திவ்யா பன்னிரண்டு எண்களையும் கணினியிலிருந்து அழித்தாள்.

“நானே மலையேறி மறுபடியும் தோண்டி எடுத்தாறேன் மேடம்.”

“அவிடே இனி அந்த மண்ணு இல்லக்கா. எல்லாம் கிளறிப் போட்டாச்சு.”

பொன்செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்போ நான் சொல்லாமலே இருந்திருக்கணுமா?”

“இல்லக்கா” என்று சொல்ல திவ்யாவுக்கு வெகுநேரம் ஆனது.