ஓடைக்கரைப் புதர் அங்கேயே இருக்கும்

ஜரினாவின் தம்பி, ஏற்காடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருப்பவர், போன் செய்தபோது, நான் கரடியூர்த் தோட்டத்தில் மிளகுக்கொடி கட்டிக்கொண்டிருந்தேன். "அண்ணா, அக்கா மவுத்தாயிட்டாங்க. நெஞ்சு வலின்னாங்க, சேலம் கொண்டு போறதுக்குள்ளங்க..." என்றவர் மேலே பேச முடியாமல் வைத்துவிட்டார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. போகிற வயதா அது? போகிற நேரமா?

நேரம் என்று ஏன் சொல்கிறேன் என்பது அவரை அறிந்த உங்களில் பலருக்குத் தெரியும். என் காப்பித் தோட்டத்துக்கு மேலே, ஓடைக்கரையில், ஊர்ப் பொது நிலத்தில் ஒரு புதர்க்காடு இருக்கிறது. அதை வெட்டிப் புல்தரையாக்க பக்கத்து ரிசார்ட்டுக்காரர் ஊராரை நச்சரித்துக்கொண்டே இருக்கிறார். ஜரினா இருந்தவரை அது நடக்கவில்லை.

சேலத்தில் கல்லூரி ஆசிரியை. விடுமுறை கிடைத்தால் பஸ் ஏறி மலைக்கு, தம்பி வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் ஆராய்ந்தது ஒட்டுண்ணிக் குளவிகளை. எள்ளைவிடச் சின்னவை. மாவுப்பூச்சிக்குள்ளும் இலைப்புழுவுக்குள்ளும் முட்டையிடும். பொரிந்து வருவது அந்தப் பூச்சியை உள்ளேயிருந்தே தின்று தீர்த்துவிடும். மலை நிலத்தை நாம் மாற்ற மாற்ற இந்தக் குளவிகள் என்னாகின்றன என்பதுதான் அவர் கேள்வி. தம்பி கடையிலிருந்து மஞ்சள் கிண்ணங்களை அள்ளி வந்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, பலமர நிழல் உள்ள என் தோட்டத்திலும், சில்வர் ஓக் மட்டும் நிற்கும் எஸ்டேட்டிலும், ரிசார்ட் புல்தரையிலும், புதரிலும் வைப்பார். மஞ்சளைப் பூவென்று நம்பி வருபவை அதில் விழும்.

முதல் முறை வைத்த கிண்ணங்களை, களையெடுக்க வந்த எங்கள் ஊர்ப் பாப்பாத்தி பளிச்சென்று கழுவி நல்ல தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டார். "குருவிக்கு வெச்ச தண்ணில சோப்பு கெடந்துச்சுங்க. குடிச்சா செத்துப் போயிராதுங்களா?" என்றார் அப்பாவியாக. அத்தனை உழைப்பும் பாழ். ஜரினா தலையில் கைவைத்து உட்கார்ந்தவர், சிரிக்க ஆரம்பித்துக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "நாசமாப் போச்சு போங்க! ஆனா இப்படி எரக்கப்படற ஊரு இருக்கறவரைக்கும் எனக்குப் பயமில்லீங்க." அதன்பிறகு ஆடு முட்டாமல் கிண்ணங்களைக் காத்தது பாப்பாத்திதான்.

வம்பு வந்தது ஒரு பேச்சினால். டீக்கடையில் யாரோ கேட்க, "அந்தப் பொதரு பூராம் குளவிங்க" என்று ஜரினா சந்தோஷமாகச் சொல்லிவிட்டார். குளவி என்றால் எங்கள் ஊருக்கு மலைக்குளவிதான். கொட்டுப்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடாத குடும்பம் கிடையாது. ரிசார்ட்டுக்காரருக்கு அது வாய்ப்பாகப் போயிற்று. ஊர்க்கூட்டம் போட்டு, புதருக்கு நெருப்பு வைப்பது என்று பேச்சு முற்றியது.

ஜரினா எழுந்தார். பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து, மூடியைத் திறந்து, உயிரோடிருந்த குளவிகளைத் தன் வெறும் கையில் தட்டினார். "கொட்டுதான்னு எல்லாரும் நல்லாப் பாருங்க. இதுங்க கொட்டறது உங்க காப்பியத் தின்னற பூச்சியங்க. ரிசார்ட்டுப் புல்லுல நான் வெச்ச கிண்ணத்துல ஒரு குளவிகூட விழுகல. குளவி இல்லாத அந்த எடத்துல மருந்தடிக்காத ஒரே ஒரு செடியக் காட்டுங்க, நானே இந்தப் பொதருக்கு நெருப்பு வெக்கறேன்!" நெருப்புப் பேச்சு அதோடு நின்றது. திரும்பி வரும்போது, "ஏனுங்க, ஒரு பூச்சிக்கா இத்தனை மல்லுக்கட்டு?" என்றேன். "பூச்சிக்கா? உங்க காப்பிக்குங்ணா. அதுகூடத் தெரியலியா?" என்று என்மேலேயே பாய்ந்தார்.

அடக்கம் முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்றேன். ரிசார்ட்டுக்காரர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நொம்ப நல்லவங்க, பாவம்" என்றார். பிடித்த கையை விடாமலே, "இனி அந்தப் பொதருக்குப் பேச ஆளில்லீங்களே. வர்ற ஞாயித்துக்கெழம கூட்டத்துல முடிச்சிரலாமுங்களா?" என்றார். மூடிய மண்ணின் ஈரம் இன்னும் காயவில்லை. "ஆளில்லைன்னு யாருங்க சொன்னது?" என்று கையை உதறினேன்.

அவருடைய படிப்பு எனக்கு வராது. குளவிகளின் பெயர்கள் என் வாயில் நுழையாது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இரண்டு: தம்பி கொடுத்த அந்தக் கண்ணாடிக் குழாய், அப்புறம் அந்தத் திமிர். ஞாயிறு காலையில் பாப்பாத்தியும் நானும் புதருக்குள் போய்க் குளவி பிடிக்கப் போகிறோம். கூட்டத்தில் நான் கையை நீட்டுவேன்.

"உங்க கை பத்தலீன்னா என் கையும் இருக்குதுங்க" என்றிருக்கிறார் பாப்பாத்தி.