இடத்து மாட்டுக்கு வெறும் களிம்பு

மக்காச்சோளத்தோடு நான் நிம்மதியாக இருந்த காலம் ஒன்று உண்டு. வேப்பந்தட்டைப் பக்கம் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தில் எவ்வளவு நஞ்சு இருக்கிறது, அதைத் தின்ற மாட்டின் பாலில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் வேலை. பெரம்பலூரில் ஒரு வாடகை அறை, ஒரு பழைய ஸ்கூட்டி, அதன் டிக்கியில் சாம்பிள் பைகள். ஒரு மூட்டைக்கு மருந்து தூவி இன்னொன்றைச் சும்மா விட்டால், சும்மா விட்ட மூட்டை கோபித்துக்கொள்ளாது. மருந்து தூவிய மூட்டையும் அதற்காக வருத்தப்படாது. மக்காச்சோளத்துக்குப் பக்கத்து மூட்டை மீது பாசம் கிடையாது. இந்த நல்ல குணத்தின் அருமை அப்போது எனக்குத் தெரியவில்லை.

அடுத்து வந்தது புண் ஆய்வு. மாட்டுத் தோல் கிழிந்தால் எப்படி மறுபடி வளர்கிறது, அதை வேகப்படுத்த முடியுமா என்று பார்ப்பது. எங்கள் ஆய்வகத்தில் ஒரு களிம்பு செய்திருந்தோம். எலியிடம் பிரமாதமாக வேலை செய்தது. எலிகள் பொதுவாக ஆராய்ச்சியாளர்களிடம் ரொம்ப மரியாதையாக நடந்துகொள்ளும். இனி மாட்டிடம் காட்ட வேண்டும்.

இதற்குத் திருமானூர், தா.பழூர் பக்கத்து வண்டிமாடுகளைவிடத் தோதான மாடுகள் உலகத்தில் இல்லை என்று கண்டுபிடித்தது நான்தான். நுகத்தடி அழுத்தி அழுத்தி அவற்றின் கழுத்தில் தோல் உரிந்து, ஈ மொய்த்து, சீழ் வைத்திருக்கும். நுகத்தின் இடப்பக்கம் பூட்டுவது இடத்து மாடு, வலப்பக்கம் பூட்டுவது வலத்து மாடு. இரண்டுக்கும் ஒரே வேலை, ஒரே தீனி, ஒரே கொட்டகை, ஒரே மாதிரிப் புண். வலத்து மாட்டுக்கு மருந்துள்ள களிம்பு, இடத்து மாட்டுக்கு மருந்தில்லாத வெறும் களிம்பு. வலத்துப் புண் ஆற வேண்டும், இடத்துப் புண் ஆறக் கூடாது. அவ்வளவுதான் ஆராய்ச்சி. என் வழிகாட்டியான பேராசிரியர் போனிலேயே துள்ளினார். "கடவுளே நமக்காக டிசைன் பண்ணி வச்சிருக்காரும்மா!"

காலமும் வாய்த்தது. கொள்ளிடத்தில் தண்ணீர் வந்துவிட்டால் ஆற்றில் மணல் ஏற்றும் இந்த வண்டிகளுக்கு வேலை இல்லை. மாடுகள் கொட்டகையில் நிற்கும். தண்ணீர் வடிந்து வேலை தொடங்குவதற்குள் புண் ஆறியாக வேண்டும். ஆறாத கழுத்தில் நுகம் வைக்க முடியாது. நுகம் வைக்க முடியாத மாட்டை யாரும் கட்டிவைத்துத் தீனி போட மாட்டார்கள், சந்தைக்கு ஓட்டிவிடுவார்கள். சந்தையிலிருந்து அது எங்கே போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆராய்ச்சி முடிந்ததும் இடத்து மாட்டுக்கும் நல்ல களிம்பு கொடுத்துவிடலாம் என்று திட்டத்தில் எழுதியிருந்தோம். தண்ணீர் எப்போது வடியும் என்று எழுதவில்லை.

திருமானூர் பக்கம் முதலில் ஒப்புக்கொண்டது ஒரு வண்டிக்காரரும் அவர் மனைவியும். எதையும் மறைக்கவில்லை. இரண்டு குழாயில் ஒன்றில்தான் மருந்து இருக்கிறது, எது என்று சொல்ல மாட்டோம், சிவப்புத் தாள் ஒட்டியது வலத்து மாட்டுக்கு, பச்சை ஒட்டியது இடத்து மாட்டுக்கு, வேறு எதுவும் தடவக் கூடாது என்று பாடம் மாதிரி ஒப்பித்தேன். அவர் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாள் மாட்டுக்குத் தவிடு கரைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மாட்டுக்கும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஊற்றினார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வாரம் தவறாமல் போய், புண்ணின் மேல் கண்ணாடித் தாளை வைத்து ஓரத்தை வரைந்து வருவேன். முதல் வாரம் வலத்துப் புண் நன்றாகச் சுருங்கியது. இடத்துப் புண் அப்படியே பச்சையாக இருந்தது. அன்று பஸ்ஸில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். இரண்டாம் முறை போனபோது இடத்து மாட்டின் கழுத்தில் இளஞ்சிவப்பாய்ப் புதுத் தோல் ஏறியிருந்தது. அடுத்த முறை இரண்டு புண்ணும் ஒரே அளவு. மாட்டு வைத்தியம் படித்த ஒருத்திக்கு, ஒரு மாட்டின் புண் ஆறியதைப் பார்த்து வயிறு எரிந்தது. உண்மையாகவே எரிந்தது.

பேராசிரியரிடம் சொன்னேன். அவர் அசரவில்லை. "அப்ப வெறும் களிம்பே வேலை செய்யுதும்மா! இது அதைவிடப் பெரிய விஷயம்!" அன்று மாலைக்குள் அதற்கு ஒரு தலைப்புகூட யோசித்துவிட்டார்.

மறுநாளே திருமானூருக்குப் போனேன். வண்டிக்காரர் வீட்டில் இல்லை. அந்த அம்மாள் கொட்டகையில் ஒரு கொட்டாங்குச்சியில் எதையோ விரலால் குழைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிதுக்கி எடுத்த இரண்டு குழாய்கள் கிடந்தன, சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று.

"என்னக்கா இது?"

"மருந்துதான். ரெண்டையும் ஒண்ணாக் கலந்து ரெண்டுக்கும் வைக்கிறேன்."

"கலக்கக் கூடாதுன்னு அன்னைக்கே சொன்னேனே! கையெழுத்துப் போட்டீங்களே!"

"அவருல்ல போட்டாரு. நானா போட்டேன்?"

எனக்கு வந்த கோபத்தில் என்னென்னவோ பேசினேன். இரண்டு வருஷ உழைப்பு என்றேன். உங்களால் எல்லாம் பாழாய்ப் போச்சு என்றேன். அவர் நிதானமாகக் குழைத்து முடித்து, இடத்து மாட்டிடம் போனார். கொட்டாங்குச்சியைப் பார்த்ததுமே அது தானாகவே கழுத்தைத் தாழ்த்திக் காட்டியது.

"பாருங்க. மருந்துன்னு நம்பித்தான கழுத்தக் காட்டுது? வெறும் களிம்ப எப்புடிங்க வைக்கிறது? தண்ணி வடிஞ்சா ரெண்டும்தான இழுக்கணும்? ஒண்ண நிறுத்திட்டு ஒண்ண வச்சு நான் என்ன பண்றது?"

எனக்குப் பதில் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்த மருந்தையும் நம்பக் கூடாது, இன்றைக்கு ஒரு மாடு பொறுத்துக்கொண்டால் நாளைக்கு ஆயிரம் மாடு பிழைக்கும். இப்போதும் நான் நம்புகிற பதில்தான். அதைச் சொல்ல வாயெடுத்தபோது மாடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆயிரம் மாட்டைப் பற்றி ஒரு மாட்டின் முன்னால் நின்று பேசுவது அவ்வளவு சுலபமில்லை. டீ குடிக்கிறீங்களா என்று அந்த அம்மாள் கேட்டார். குடித்துவிட்டு வந்தேன்.

போனில் விஷயத்தைச் சொன்னதும் பேராசிரியர் அந்தத் தலைப்பை எனக்கு ஒருமுறை படித்துக் காட்டினார். தலைப்பு போன துக்கம். பிறகு, "அந்த ஜோடிய நீக்கிடு. உரிமையாளர் ஒத்துழைக்கலைன்னு போடு. தா.பழூர்க்காரரு எப்படி?" என்றார்.

இரண்டாவதாக ஆய்வுக்கு ஒப்புக்கொண்டிருந்த தா.பழூர்க்காரர் தங்கமான மனிதர். அவரும் ஒரு ஜோடி மாடும் வண்டியும் வைத்திருந்தார். படித்தவங்க சொன்னா சரியா இருக்கும் என்று நம்புகிறவர். சிவப்புக் குழாயைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பச்சைக் குழாயைத் தொடுவார். அவருடைய இரண்டு மாடுகளின் புண்களும் நான் ஆசைப்பட்டபடியே நடந்துகொண்டன. வலத்துப் புண் வாரா வாரம் சுருங்கியது. இடத்துப் புண் அசையவில்லை. அந்த வரைபடத்தை இப்போதும் கூட்டங்களில் காட்டினால் பின்வரிசையில் இருப்பவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

கடைசி அளவு எடுக்கவும், இடத்து மாட்டுக்கு நல்ல களிம்பு கொடுக்கவும் போனபோது, அந்த வருஷம் தண்ணீர் முன்கூட்டியே வடிந்துவிட்டிருந்தது. ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் கொட்டகையில் வலத்து மாடு மட்டும் நின்றது.

"இன்னொண்ணு எங்கங்க?"

"ஓட்டிட்டேங்க. நுகத்த வச்சாலே ரத்தம் கொட்டுது. நம்ம கண்ணால பாக்க முடியல. இதுக்கு ஜோடி தேடிக்கிட்டு இருக்கேன், அமையல."

என் கையில் சிவப்பு ஒட்டிய புதுக் குழாய் இருந்தது. ஏதாவது திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க சொன்னபடியே செஞ்சேங்க டாக்டரம்மா. வேப்பெண்ணெகூட வைக்கல. வூட்டுல வைக்கலாம்னு சொன்னாங்க, நான்தான் கூடாதுன்னுட்டேன்." வலத்து மாட்டின் கழுத்து முடியை ஒதுக்கி, தழும்புகூடத் தெரியாத தோலைக் காட்டினார். "மருந்து நல்ல மருந்துங்க. படம் எடுத்துக்குங்க."

எடுத்தேன். ஆய்வேட்டில் இருப்பது அந்தப் படம்தான்.