ஓகே ஷீட்டில் யார் கையெழுத்து?

ஆள்காட்டி விரல் நுனியில் மையைத் தொட்டு, அட்டைத் துண்டில் தட்டித் தட்டிப் பரப்பிக்கொண்டிருக்கிறாள் தாயாரம்மாள். கையுறை கொடுத்திருக்கிறார்கள், மை தடவிப் பார்க்க ஒரு கருவியும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. அன்றைய நிறம் விரலில் ஏறி, சோப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் அசையாமல், வாலாஜாபாத் வரை பஸ்ஸில் போகும். "இன்னாக்கா, இன்னிக்கு பச்சையா?" என்று பக்கத்து சீட்டுக்காரி கேட்டால், "ஆமா, நாளிக்கு ஊதா. அதுக்கு மேட்ச்சா புடவை கட்டிக்கினு வா" என்பாள்.

மண்ணூர்ப் பக்கம் ஓர் அட்டைப்பெட்டி அச்சகம். கார் உதிரிபாகக் கம்பெனிகளுக்குப் பெட்டி அடிக்கிறார்கள். படங்களை நாலு மையை வைத்தே அடித்துவிடலாம். கம்பெனி முத்திரையின் நிறம் மட்டும் அதில் பிடிபடாது. அதற்கென்று தனியாக ஒரு மை கலக்க வேண்டும். அதைத்தான் ஸ்பாட் கலர் என்கிறார்கள். கலக்குகிற இடம் இங்க் ரூம். அங்கே தாயாரம்மாள் வைத்ததுதான் சட்டம்.

இரண்டு வருஷமாக அவளுக்குத் துணையாக ஏஐ வந்திருக்கிறது. சாம்பிள் மேல் நிறம் அளக்கும் கருவியை வைத்தால், கம்ப்யூட்டர் நிறத்தை அளந்து, மஞ்சள் இவ்வளவு, நீலம் இவ்வளவு, வெள்ளை இவ்வளவு என்று சொல்லிவிடும். தாயாரம்மாளுக்கு அதன்மேல் ஒரு கோபமும் கிடையாது. முன்பெல்லாம் அரை நாள் கலக்கி, சேராமல் கொட்டி, மறுபடி கலக்குவாள். இப்போது பெரும்பாலும் முதல் கலவையே சேர்ந்துவிடுகிறது. அதற்கு 'ஜோசியர்' என்று பெயர் வைத்திருக்கிறாள். "ஜோசியரே, இந்த ஆரஞ்சுக்கு இன்னா சொல்றீங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் பட்டனைத் தட்டுவாள். சொன்னது பலித்துவிட்டால், "ஷோக்கா சொன்னீங்க" என்று புடவைமேல் போட்டிருக்கும் கோட்டின் நுனியால் திரையை ஒரு துடை துடைத்துவிடுவாள்.

கோபமெல்லாம் மனுஷர்கள் மேல்தான்.

நிறம் சேர்ந்ததும், முதலில் வரும் ஷீட்டில் ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் மிஷின் ஓடும். ஓகே ஷீட் என்பார்கள். அந்தக் கையெழுத்து தாயாரம்மாளுடையது. ஒரு நிறம்கூடத் தவறாமல் வந்த மாசத்தில், புரொடக்‌ஷன் மேனேஜர் விஜயராகவன் கேக் வாங்கிவந்தார். ஏஐ-க்கு வாழ்த்துகள் என்று கிரீமில் எழுதியிருந்தது. கம்ப்யூட்டரை நடுவில் வைத்துப் போட்டோ எடுத்தார்கள். தாயாரம்மாளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள், திரை மறைக்கிறதாம். வாயே இல்லாததற்குக் கேக்! அநியாயத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

போன மாசம் ஒரு பச்சை காலை வாரிவிட்டது. பர்ச்சேஸில் வேறு மில் அட்டை வாங்கிப்போட்டிருந்தார்கள், லேசான பழுப்பு. கம்ப்யூட்டருக்கும் சொல்லவில்லை, இங்க் ரூமுக்கும் சொல்லவில்லை. ஜோசியர் பழைய வெள்ளை அட்டைக்குக் கணக்குச் சொன்னது. இவளும் அறையில் கிடந்த பழைய துண்டிலேயே தட்டிப் பார்த்தாள். புது அட்டை வீணாகக் கூடாதென்று மிஷினிலும் முதலில் பழைய ஷீட்டுகளைத்தான் விட்டார்கள். அதிலேயே கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். மீதி மொத்தமும் பழுப்பு அட்டையில் ஓடி, வெந்த கீரை மாதிரி வந்து விழுந்தது. கஸ்டமர் லாரியோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

அப்போது ஏஐ பெயரை யாரும் வாயில் எடுக்கவில்லை. "ஓகே போட்டது தாயாரம்மாதானே?" என்றார் விஜயராகவன். மெமோ வந்தது. கூடவே கண் பரிசோதனைக்கும் அனுப்பினார்கள். பார்வையில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொல்லியும் மெமோவைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொன்று வந்தால் இங்க் ரூமை விட்டுப் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்களாம். "நல்லா வந்தா ஜோசியரு, நாறிப்போனா நானா? இன்னா சார் நாயம் இது?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள். அவருக்குப் போன் வந்துவிட்டது.

இன்றைக்கு ஒரு நீலம். கலந்த மையை அளந்து பார்த்ததில், திரையில் 'பாஸ்' என்று வந்தாயிற்று. மிஷின் ஆபரேட்டர் கோமதிநாயகம், சங்கரன்கோவில்காரன், ஷீட்டோடு ஓடிவந்தான்.

"அக்கா, கையெழுத்தப் போட்டுருங்க. மிஷினு சும்மா நிக்கி. சார் சத்தம் போடுதாவ."

"இது எந்த அட்டை? மொத்த லாட்டும் ஓடப்போறது இதுலதானா?"

"அது எனக்குத் தெரியாதுக்கா."

"அப்ப தெரிஞ்சவர இட்டுகினு வா."

விஜயராகவனே வந்துவிட்டார். "கம்ப்யூட்டரே பாஸ் பண்ணிடுச்சு. அப்புறம் உங்களுக்கு என்ன? சும்மா ஒரு சைன்தானே, போடுங்க."

சும்மா ஒரு சைன்! அந்தச் சும்மாதான் அவளைக் கண்ணாஸ்பத்திரி பெஞ்சில் கொண்டுபோய் உட்காரவைத்தது. தாயாரம்மாளுக்கு மூக்கு விடைத்துக்கொண்டது.

"சும்மாதான சார்? ஜோசியரு மேல உங்களுக்குத்தான் அம்மாம் நம்பிக்கை கீதே. இன்னிக்கு நீங்களே போடுங்க."

ஷீட்டை மேஜைமேல் விரித்து, பேனாவை அவர் கையில் வைத்தாள். கோமதிநாயகம் அவசரமாக வேறு பக்கம் பார்த்தான். விஜயராகவன் பேனாவைத் திறந்து, ஷீட்டின் மூலையில் முனையை ஊன்றினார். ஊன்றியபடியே நின்றார். பிறகு பேனாவை மூடிவிட்டு, ஷீட்டைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.