அடியில் நிற்கும் இரண்டு விரற்கடை

தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் இடப்பக்கச் சுவரில் ஒரு மரப்பலகை. ‘நம் கண்டுபிடிப்பாளர்கள்’ என்று மேலே பெரிதாக எழுதி, கீழே வரிசையாகப் பித்தளைத் தகடுகள். ஸ்ப்ரே பாட்டிலைக் கவிழ்த்தாலும் ஒழுகாமல் இருக்க உள்ளே ஒரு குட்டிக் குண்டு வைத்தவர் பெயர் முதலில். மூக்கைத் திருகினால் தாரையாகவும் தூவலாகவும் மாறும்படி செய்தவர் அடுத்தது. பைக்குள் கிடக்கும்போது விசை தானாக அமுங்காமல் இருக்கச் சின்னதாக ஒரு பூட்டு வைத்தவர் அதற்கும் அடுத்தது. மொத்தம் ஒன்பது தகடு. பத்தாவது இடத்தில் வெறும் ஆணி மட்டும்.

அந்த ஆணியைப் பதினேழு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் ஏழாம் மேசைக்காரி.

அவளுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே எல்லாருக்கும் அவள் ‘ஏழாம் மேசை’தான். கண்ணாடி துடைக்க, தரை கழுவ, செடிக்கு மருந்தடிக்க என்று வீட்டுக்கு வீடு ஸ்ப்ரே பாட்டில் வைத்திருக்கிறோமே, அதன் தலையை அங்கேதான் செய்கிறார்கள். அந்தத் தலைக்குள் ஒரு மெல்லிய குழாயைச் செருக வேண்டும். குழாய் அடிவரை போய் நிற்கும். விசையை அமுக்கினால் உறிஞ்சி மேலே அனுப்பும். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் தலை, இரண்டாயிரம் குழாய். இதையே பதினேழு வருஷம் செய்துபாருங்கள், உங்களுக்கும் பலகையில் பெயர் கேட்கத் தோன்றும்.

சும்மாவும் கேட்கவில்லை அவள். பலகைக்குப் பக்கத்தில் யோசனைப் பெட்டி ஒன்று தொங்கும். அதில் நாற்பத்தோரு சீட்டு எழுதிப் போட்டிருக்கிறாள். இரண்டு பாட்டிலுக்கு ஒரே தலை வைக்கலாமே என்று ஒன்று. விசையில் விரல் வழுக்காமல் இருக்கக் கோடு போடலாமே என்று ஒன்று. அந்தக் கோட்டை மூன்று வருஷம் கழித்து நிஜமாகவே போட்டார்கள். எவனோ வடிவமைப்பாளன் சொன்னானாம். அன்று அவள் மதியம் சாப்பிடவே இல்லை.

இப்படி வயிறு ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த இடத்தில்தான் அவள் கொழுந்தன் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தான். ஓரகத்தி ஒருத்தி வந்தாள், சரி. வந்தவள் படித்தவள், அதுவும் சரி. நாலே மாதத்தில் அதே தொழிற்சாலையில், மாடியில், கண்ணாடிக் கதவு போட்ட ஆராய்ச்சி அறையில் வேலைக்குச் சேர்ந்தாள் பாருங்கள், அதைத்தான் பெரியவளால் தாங்க முடியவில்லை. ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே வாசல். உள்ளே போனதும் ஒருத்தி மாடிக்கு, ஒருத்தி மேசைக்கு.

மாமியாரோ எரிகிற இடமாகப் பார்த்து எண்ணெய் ஊற்றுவார். “சின்னவ கண்டுபிடிக்கிற வேலை பாக்குறா, பெரியவ குழா சொருகுறா” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். கெட்ட எண்ணம் கிடையாது. உள்ளதைத்தான் சொன்னார். உள்ளதாக இருந்ததுதான் கோளாறு.

பெரியவள் சண்டை போடவில்லை. அதற்குப் பதிலாக மரியாதை கொடுத்தாள். தன்னைவிடப் பத்து வயது இளையவளை ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவாள். “நீங்க சாப்டுங்க”, “நீங்க எதுக்குப் பாத்திரம் கழுவுறீங்க, படிச்ச கை”. வெளியில் கேட்டால் பணிவு. கேட்க வேண்டியவளுக்கு மட்டும் சுருக்கென்று தைக்கும். சின்னவள் பாவம், “அக்கா, என்னை நீன்னே சொல்லுங்களேன்” என்று கெஞ்சிப் பார்த்துவிட்டு, பிறகு விட்டுவிட்டாள்.

இந்த வருஷம் தொழிற்சாலைக்கு ஒரு தலைவலி வந்தது. வாங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே புகார். அடியில் இரண்டு விரற்கடை மருந்து நிற்கிறது, எவ்வளவு அமுக்கினாலும் வரமாட்டேன் என்கிறது, வெறும் காற்றுதான் புஸ் புஸ் என்று வருகிறது. கண்ணுக்குத் தெரிகிற மருந்தைக் கீழே கொட்டுவதென்றால் யாருக்குத்தான் மனசு வரும்? இதற்கு வழி கண்டுபிடிப்பவருக்குத்தான் பத்தாவது தகடு என்று முதலாளி சொல்லிவிட்டார். வேலை சின்னவளிடம் போனது.

சின்னவள் குழாய் நுனியில் எடை கட்டிப் பார்த்தாள், அடைத்துக்கொண்டது. நுனியைச் சரிவாக வெட்டிப் பார்த்தாள், ஒன்றும் மாறவில்லை. ஒவ்வொன்றும் தோற்ற அன்று அவள் முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வருவாள். அன்றைக்கெல்லாம் பெரியவள் சமையல் கமகமக்கும். பாட்டுகூட முணுமுணுப்பாள். நான் ஒளித்துச் சொல்லப்போவதில்லை, அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

ஒரு திங்கட்கிழமை காலை சின்னவள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கையில் நோட்டு. ஒரு ஸ்டூலை இழுத்து நேராக ஏழாம் மேசைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

“என்ன விஷயம்?” என்றாள் பெரியவள்.

“ஒண்ணுமில்லக்கா. நீங்க வழக்கம்போல செய்யுங்க. நான் சும்மா பாக்கறேன்.”

சும்மாவாம். பெரியவளுக்கு ரத்தம் சுர்ரென்று ஏறியது. பன்னிரண்டு மேசை இருக்க, இவளுக்கு ஏழுதான் கிடைத்ததா? குற்றம் கண்டுபிடிக்க வந்திருக்கிறாள். தன்னால் முடியாததற்கு என் தலையை உருட்டப் பார்க்கிறாள். உருட்டட்டும், பார்க்கலாம்.

பெரியவள் இடக்கைக்காரி. காய் நறுக்குவது, கோலி உருட்டியது, கொழுந்தனுக்கு ஒரு தடவை அறை விட்டது எல்லாம் இடக்கையால்தான். ஆனால் மேசைக்கு மேலே சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கும்: இடக்கையில் தலையைப் பிடி, மூக்கு வெளிப்பக்கம் பார்க்கட்டும், வலக்கையால் குழாயைச் செருகு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேற்பார்வைக்காரர் அந்தப் படத்தைக் காட்டிக் காட்டித் திட்டுவார். அதனால் யாராவது நோட்டோடு வந்தால் வலக்கை, போய்விட்டால் இடக்கை. அந்தத் தந்திரம் அவளுக்குப் பழகிப் போயிருந்தது.

திங்கள் முதல் சனி வரை ஆறு நாளும் சின்னவள் அந்த ஸ்டூலை விட்டு எழவில்லை. ஆறு நாளும் பெரியவள் படத்தில் உள்ளபடியே வலக்கையால் செருகினாள். தோள் கழன்று விழுந்துவிடும் போல வலித்தது. எண்ணிக்கை இரண்டாயிரத்திலிருந்து ஆயிரத்து நானூறுக்கு இறங்கியது. இறங்கினால் என்ன? பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தப்பும் இல்லாமல் செருகினாள். சின்னவள் அவள் கையையே பார்த்தாள், எதையோ கேட்க வருவதுபோல வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். சனிக்கிழமை சாயங்காலம் நோட்டை மூடிவிட்டு மாடி ஏறிப் போனாள்.

“வந்துட்டா பெரிய இவ” என்றாள் பெரியவள் பக்கத்து மேசைக்காரியிடம். ஜெயித்த சந்தோஷத்தில் தோள்வலிகூடத் தெரியவில்லை.

இரண்டு வாரம் போனது. ஒரு விடுமுறை நாள், காலை பத்து மணி. வீட்டு ஆண்கள் இருவரும் வெளியே போயிருந்தார்கள். சாமான் வாங்கும் பட்டியலை எடுத்தாள் பெரியவள். ஆபீஸில் வீணாகும் தாளைச் சின்னவள் வீட்டுக்குக் கொண்டுவருவாள்; அதன் பின்பக்கத்தில்தான் உருளைக்கிழங்கு, வெங்காயம், சோப்பு என்றெல்லாம் எழுதுவது. தாள் பாதியாகக் கிழிந்திருந்தது. எதேச்சையாகத் திருப்பினாள்.

‘கண்டுபிடிப்பாளர் பெயர்’ என்று அச்சடித்திருந்தது. அதற்கு நேரே, சின்னவள் கையெழுத்தில், அவள் பெயர். பெரியவளின் முழுப்பெயர், அப்பா பெயரின் முதலெழுத்தோடு. மேசை எண் ஏழு. வேறு பெயரே இல்லை.

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. கீழே இருந்ததை எழுத்துக் கூட்டிப் படிப்பவள்போல மெதுவாகப் படித்தாள். சோதனைக்காகத் திரும்பப் பெற்ற, பயன்படுத்திய பாட்டில்களில் ஏழாம் மேசைப் பெட்டியில் போனவை மட்டும் கடைசிச் சொட்டுவரை காலியாக இருக்கின்றன. குழாய் சுருளிலிருந்து வெட்டப்படுவதால் அதில் லேசான வளைவு எப்போதும் இருக்கும்; கையில் எடுக்கும்போது அது செருகுபவர் பக்கமாகவே திரும்பியிருக்கும். பாட்டிலை முன்னால் சாய்த்துத்தான் எல்லாரும் அடிக்கிறார்கள். மருந்து மூக்குப் பக்கமாக ஒதுங்கும். மற்றவர்கள் செருகும்போது வளைவு பின்பக்கம் போகிறது. இவர் இடக்கையால் செருகுவதால், மூக்கைத் தன் பக்கம் திருப்பிப் பிடிக்கிறார் என்று நினைக்கிறேன்; வளைவு முன்பக்கம் வருகிறது. நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அத்தோடு தாள் கிழிந்திருந்தது.

பதினேழு வருஷமாக அந்த ஆணியில் தொங்க வேண்டிய தகடு அவள் கையிலேயே இருந்திருக்கிறது. ஆறு நாள், இமை கொட்டாமல் உட்கார்ந்து பார்த்தவளிடமிருந்து அவளே அதை ஒளித்து வைத்திருக்கிறாள். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டவள் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

முதலில் தாளை மடித்து இடுப்பில் செருகினாள். யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால் பொறாமை பிடித்தவள் என்று ஊரே சிரிக்கும். திறக்காவிட்டால் ஆணி காலியாகவே இருக்கும். கடைசியில் எடுத்துக்கொண்டு போய்த் துணி மடித்துக்கொண்டிருந்த சின்னவள் முன்னால் நீட்டினாள்.

அதைப் பார்த்ததும் சின்னவளுக்கு முகம் வெளுத்தது. “அது... தப்பாப் போச்சுக்கா. நீங்க வலக்கையாலதான் செருகுறீங்க. அந்த வாரப் பாட்டிலையும் அடிச்சுப் பாத்தேன். மத்ததுமாதிரியேதான், ரெண்டு விரல் நின்னுது. அதான் கிழிச்சிட்டேன்.”

“அந்த ஒரு வாரந்தான் வலக்கை.”

“என்னது?”

“நீ குத்தம் பிடிக்க வந்தேன்னு நெனச்சேன்.” பெரியவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “உன்மேல எனக்குப் பொறாமை. நீ வந்த நாள்லேர்ந்து. நீ தோத்துட்டு வர்ற அன்னிக்கு எனக்குச் சோறு ஜாஸ்தியா எறங்கும். போதுமா?”

சின்னவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள்.

“வீட்ல நீங்க எடது கையாலதான் எல்லாம் செய்வீங்கன்னு எனக்குத் தெரியாதாக்கா? தெனமும் பாக்கறேனே. அங்க வலக்கையால செருகுறதப் பாத்ததும் சந்தேகம் வந்துச்சு. ‘ஏன்க்கா கை மாத்துறீங்க?’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். கேக்கல.”

“ஏன்?”

“நாலு வருஷம் படிச்சேன். ஏழு மாசமா மண்டைய ஒடச்சிக்கிட்டேன். நீங்க பாட்டுக்குக் கதை பேசிக்கிட்டே அதச் செஞ்சிட்டு இருக்கீங்க. உங்க பேர எழுதவே எனக்கு மனசு வரல. தப்புன்னு முடிவு வந்தப்போ...” சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். “நிம்மதியா இருந்துச்சு. எந்தச் சோதனையும் மூணு தடவை செய்யணும். நான் ஒரு தடவையோட கிழிச்சிட்டேன்.”

பெரியவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தன்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாள், அதுவும் மாடியில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள். நாற்பத்தோரு சீட்டு எழுதியும் கிடைக்காத ஒன்று கிடைத்ததுபோல இருந்தது.

“மாதிரித் தலை வீட்ல இருக்கா?” என்றாள்.

பாட்டிலோடு ஒரு பை நிறைய இருந்தது. சமையல்கட்டுத் தொட்டி ஓரத்தில் நின்று பெரியவள் இடக்கையால் பத்து செருகினாள், வலக்கையால் பத்து. சின்னவள் தண்ணீர் நிரப்பி, சாய்த்து, அமுக்கினாள். வலக்கை பாட்டில் இரண்டு விரற்கடையில் புஸ் என்றது. இடக்கை பாட்டில் அடி காயும்வரை சீறியது. பத்துக்குப் பத்து. பிறகு இன்னொரு தடவை. பிறகு மூன்றாம் தடவை.

“தண்ணி என்ன சும்மாவா வருது? காசு குடுத்துல்ல வாங்குறோம்!” என்று மாமியார் வந்து கத்தினார். இருவரும் முகமெல்லாம் நனைந்து சிரித்துக்கொண்டே நின்றார்கள்.

ஒரு மாதத்தில் பன்னிரண்டு மேசைக்கும் புதுப் படம் ஒட்டினார்கள்: மூக்கு உன் பக்கம் பார்க்கட்டும். வேறு செலவே இல்லை. ஆணியில் பத்தாவது தகடு ஏறியது. முதல் பெயர் பெரியவளுடையது, இரண்டாவது சின்னவளுடையது. சின்னவளையும் போட வேண்டும் என்று அடம்பிடித்தது பெரியவள்தான். தன் பெயர் இரண்டாவதாகத்தான் வர வேண்டும் என்று அடம்பிடித்தது சின்னவள்.

தகடு மாட்டிய மறுநாள் காலை இருவரும் பலகை முன்னால் நின்றார்கள். பெரியவள் கண்ணை இடுக்கிப் படித்தாள்.

“உன் பேருக்குப் பின்னாடி மட்டும் என்ன அது, மூணு எழுத்து?”

“பட்டம்க்கா. படிச்சதுக்கு.”

“தகடு பாதிக்கு மேல நீதான் இருக்கே.”

“உங்க பேருதான மொதல்ல இருக்கு? எனக்கு எரியாதா?”

“எரியுதா?”

“எரியுது.”

பெரியவள் முந்தானையால் தகட்டை ஒரு தடவை துடைத்தாள். தன் பெயர் இருந்த பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே துடைத்தாள். பிறகு சின்னவள் தோளில் இடக்கையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

“வாடி, மணி அடிச்சிடும்” என்றாள்.