ராத்தாவின் வெளிநாட்டுக் கிறீம்

என் ராத்தா, எனக்கு மூத்தவள், நிந்தவூரில் இருக்கிறாள். அவளுடைய கணவரான மச்சானுக்குக் கட்டாரில் சாரதி வேலை. அவர் லீவில் வரப்போகிறார் என்று தெரிந்ததும் ராத்தா என்னையும் கூட்டிக்கொண்டு கல்முனையில் ஒரு ஃபேன்சிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் மேசைக்குக் கீழிருந்து முகம் வெளுக்கப் பூசும் கிறீம் டப்பா ஒன்றை எடுத்துத் தந்தார். அதன் பெட்டியில் பெயரைத் தவிர எல்லாம் எங்களுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. என்ன கலந்தது, யார் இறக்குமதி செய்தது, எதுவும் இல்லை.

"வெளிநாட்டுச் சாமான் தங்கச்சி. நல்லா வேல செய்யும்."

வேலை செய்யத்தான் செய்தது. மச்சான் வருவதற்குள் முகம் வெளுத்துவிட்டது. "மாமியே நல்ல நிறம் வந்திரிக்கி எண்டு சொல்லிட்டா," என்று ராத்தா போனில் சிரித்தாள். மச்சான் திரும்பிப் போன பிறகும் கழுத்துக்கும் கைக்குமாகப் பூசினாள். பால்குடி மறவாத மகள் அந்தக் கன்னத்தோடு கன்னம் வைத்துத்தான் தூங்குவாள்.

பிறகு கால் வீங்கியது. காலையில் எழும்பினால் கண் திறக்க முடியாத வீக்கம். சிறுநீர் சவர்க்காரத் தண்ணீர்போல நுரைத்தது. சீனி வருத்தமும் இல்லை, பிரஷரும் இல்லை. காரணம் தெரியாமல் ஆஸ்பத்திரிக்கு அலைந்தோம். கடைசியில் சிறுநீரகக் கிளினிக்கில் ஒரு பெண் டொக்டர் ராத்தாவின் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "முகத்துக்கு என்ன பூசுறீங்க?" என்று கேட்டார்.

டப்பாவை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொழும்புக்கு அனுப்பிப் பரிசோதித்தார்கள். பாதரசம். அதுதான் சிறுநீரகத்தைக் கெடுத்திருந்தது.

"பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க," என்றார் டொக்டர்.

அதுவரை அழாத ராத்தா அப்போதுதான் அழுதாள். பிள்ளையின் சிறுநீரிலும் அது இருந்தது.

நான் முறைப்பாடு செய்தேன். அதிகாரிகள் வந்து கடையில் இருந்த டப்பாக்களை அள்ளிக்கொண்டு போனார்கள். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இத நானா செய்யிறன்? பேக்ல கொண்டாந்து தாறாங்க, விக்கிறன்."

"ஆரு கொண்டாந்து தாற?"

"ஒவ்வொரு முற ஒவ்வொரு ஆள்."

செய்தவனுக்கும் பெயரில்லை, கொண்டுவந்தவனுக்கும் பெயரில்லை. கடை திறந்தேதான் இருக்கிறது.

மச்சான் போனில் கத்தினார். "நான் கேட்டனா உன்னட்ட, வெள்ளையா வரச் சொல்லி?" ராத்தா போனை என்னிடம் தந்துவிட்டாள்.

மருந்தில் வீக்கம் வடிந்தது. சிறுநீரகம் பழையபடி ஆகவில்லை. முகம் முன்பிருந்ததைவிடக் கறுத்து, திட்டுத்திட்டாக இருக்கிறது. மகளையும் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டே இருக்கிறோம்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் வந்திருந்தாள். அவளுடைய மகளுக்குக் கலியாணம் பேசியிருக்கிறார்கள். நடந்ததையெல்லாம் ராத்தா சொல்லச் சொல்ல, "அல்லாஹ் காப்பாத்தணும்," என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"நீ கனகாலம் பூசினதாலதான் இப்படி, புள்ள. கொஞ்ச நாளைக்குப் பூசினா ஒண்டும் செய்யாதுதானே? அதுட பேர் என்ன?"

"மறந்துபோச்சு," என்றாள் ராத்தா.