பிரியாணி போட்டவரே தலைவர்

எங்கள் குழுவில் யாருக்கும் சம்பளம் கிடையாது. கும்மிடிப்பூண்டி வட்டாரத்துச் சிறு தொழிற்சாலைகளில் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷினை எப்படி ஓட்ட வேண்டும் என்று நாங்களாகவே கூடி விதிமுறை எழுதினோம். அதில் உயிரான விதி ஒன்றுதான்: இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால் மட்டுமே மெஷின் இறங்க வேண்டும். அப்போதுதான் கை உள்ளே இருக்காது. என் வலது கையில் இரண்டு விரல் இல்லை. அந்த விதி இல்லாத காலத்தில் போனவை.

அதை வரிவரியாக எழுதியவர், செவ்வாப்பேட்டையிலிருந்து ரயில் மாறி வரும் ஒரு பெண் இன்ஜினியர். பழைய தலைவர் விலகியபோது இவர்தான் அடுத்தவர் என்று நினைத்தேன். மடையன் நான்! எங்கள் வழக்கமே வேறு. ஓட்டுக் கிடையாது. கூட்டத்துக்கு இடமும் சாப்பாடும் தருகிறவர் பெயரை யாராவது தலைவர் பதவிக்குச் சொல்வார்கள். எதிர்ப்பு உண்டா என்று ஒரு தடவை கேட்பார்கள். சத்தம் வராவிட்டால் ஒருமனதாம். த்தூ!

அந்த முறை தேர்வாய் கண்டிகையில் ஒரு முதலாளி தன் ஏசி ஹாலைக் கொடுத்தார். சாப்பாட்டுக்கு முன்னால் பட்டறையைச் சுற்றிக் காட்டினார். ஒரு பிரஸ்ஸில், வேலை வேகமாக ஓடட்டும் என்று ஒரு பட்டனை அழுத்தி டேப் சுற்றி வைத்திருந்தார்கள். ஆபரேட்டரின் ஒரு கை மற்ற பட்டனில். இன்னொரு கை தகட்டோடு உள்ளே போய் வந்தது. நானும் பார்த்தேன், அந்தப் பெண்ணும் பார்த்தார்.

பிறகு மட்டன் பிரியாணி. சோறு கண்ட இடம் சொர்க்கம் என்று அத்தனை பெரிய மனிதர்களும் இலையில் குனிந்துவிட்டார்கள். பழைய தலைவர் நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டே முதலாளியின் பெயரைச் சொன்னார்.

"நம்ம ஆளுங்கதானே, ஓட்டு கீட்டுன்னு இன்னாத்துக்கு பேஜாரு? யாருக்காவது அப்ஜெக்‌ஷன் இருக்கா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். அவரே பேசினால் பதவிக்கு அலைகிறார் என்பார்கள். நான் பேசியிருக்கலாம். பேசவில்லை.

கைதட்டினார்கள். புதுத் தலைவர் முதல் வேலையாகப் பட்டன் விதியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போட்டார். அதுவும் ஒருமனதாகவே.

ஸ்டேஷனுக்குத் திரும்பும் வேனில் அந்தப் பெண் கேட்டார்: "அண்ணா, வாயத் தொறக்கலன்னாலும் போவுது. கையத் தூக்கிக் காட்டியிருந்தா போதுமே. அப்போ அந்தக் கை எங்க இருந்துச்சு?"

"சோத்துல கெடந்துச்சும்மா" என்றேன்.